ஏதென்ஸில் ஒரே ஒரு பகல்: பேருந்தா, நடையா, கடலோரக் கோயிலா?

கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறவர்களில் பலருக்கு ஏதென்ஸ் ஓர் இடைத்தங்கல் மட்டுமே. விமானத்தில் வந்திறங்கி மறுநாள் காலை சாந்தோரினிக்கோ கிரீட்டுக்கோ படகேறுகிறவர்களுக்கும், மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பலில் வந்து காலையில் பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி மாலைக்குள் மீண்டும் கப்பலேற வேண்டியவர்களுக்கும் அந்த நகரத்தில் கிடைப்பது ஒரு பகல்தான். அந்தப் பகலைச் செலவிட நான்கு வழிகள் உண்டு. விரும்பிய நிறுத்தத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளும் மாடிப் பேருந்தில் நகரைச் சுற்றலாம். வழிகாட்டியோடு போகும் சுற்றுலாக் குழுவில் சேரலாம். நாமே நுழைவுச்சீட்டு வாங்கி நடந்து பார்க்கலாம். அல்லது அரை நாளை நகரத்துக்கும் மீதியைச் சூனியன் முனையிலுள்ள கடலோரக் கோயிலுக்கும் பிரித்துக்கொள்ளலாம். கப்பலில் வந்தபோது ஒருமுறையும், பிறகு என் தாயாரோடு சில நாட்கள் தங்கியபோது மறுமுறையுமாக இந்த நான்கையும் செய்து பார்த்துவிட்டேன் என்பதால், எதை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வெளியூரில் ஒரு நாளைத் திட்டமிடும்போது முதலில் நாம் கணக்கிடுவது தூரத்தைத்தான். ஏதென்ஸைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு நம்மைத் தவறான வழியில் கொண்டுபோய் விடுகிறது. பண்டைய நகரத்தின் முதன்மையான சின்னங்கள் அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தை ஒட்டியே சிதறிக் கிடக்கின்றன. நாடாளுமன்றம் இருக்கும் சிண்டக்மா சதுக்கத்திலிருந்து அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் கால் மணி நேர நடை. அங்கிருந்து ஒலிம்பிய சூஸ் கோயிலுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. சிண்டக்மாவிலிருந்து எர்மூ கடைவீதி வழியாக மொனாஸ்திராக்கி சதுக்கத்துக்கும் ஏறத்தாழ அவ்வளவே. 2004 ஒலிம்பிக் போட்டிகளையொட்டிக் குன்றின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள சாலைகளை வாகனங்களுக்கு மூடி அகன்ற நடைபாதையாக்கிவிட்டார்கள் என்பதால், எந்தப் பேருந்தும் சின்னங்களை நெருங்க முடியாது. உண்மையான தடைகள் வேறு. நகரத் தரையிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரும் அந்தப் பாறையில் ஏற வேண்டும். ஏறிய பிறகு ஒதுங்க நிழல் கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதக் கால்கள் தேய்த்த பளிங்குப் படிகள் வெறும் வெயிலிலேயே வழுக்கும். ஆகவே ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது, அது தூரத்தைக் குறைக்கிறதா என்று கேட்காமல், ஏற்றத்தையும் வெயிலையும் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

மாடிப் பேருந்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முழங்கால் வலியுள்ள தாயாரை மனதில் வைத்து நான் முதலில் தேர்ந்தது அதைத்தான். திறந்த மேல்தளத்தில் உட்கார்ந்து, காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம்போல ஒரு சுற்று வந்தோம். நாடாளுமன்றம், 1896இல் முதல் நவீன ஒலிம்பிக் நடந்த பளிங்கு விளையாட்டரங்கம், பல்கலைக்கழகத் தெருவில் வரிசையாக நிற்கும் அறிவியற்கழகம், பல்கலைக்கழகம், பழைய தேசிய நூலகம் ஆகிய மூன்று புதுச்செவ்வியல் கட்டடங்கள், ஓமோனியா சதுக்கம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏதென்ஸை அது நன்றாகவே காட்டியது. ஆனால் நாங்கள் பார்க்க வந்தது அந்த ஏதென்ஸை அன்று. அக்ரோபோலிஸ் உச்சியில் நிற்கும் பார்த்தினன் கோயில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கணம் தெரிந்து, கைப்பேசியை எடுப்பதற்குள் மறைந்துவிடும். சிக்னலில் வண்டி நின்ற நேரமெல்லாம் வெயில் தலையிலேயே இறங்கியது. கடைசியில் அக்ரோபோலிஸ் நிறுத்தத்தில் இறங்கியபோது, ஏற வேண்டிய குன்று அப்படியே மிச்சமிருந்தது. நேரம்தான் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அன்றிரவு, "எல்லாத்தையும் வெளியே இருந்தே பாத்தாச்சு, எதுக்குள்ளேயும் போகலை" என்று தாயார் சொன்னது கோபத்தில் சொன்னதில்லை என்றாலும், அந்தப் பேருந்தைப் பற்றி அதைவிடச் சரியாக என்னால் எழுத முடியாது. பேருந்துச் சீட்டில் எந்த நினைவுச் சின்னத்துக்கும் நுழைவு சேராது என்பதையும், மெட்ரோவில் 90 நிமிடப் பயணச்சீட்டு 1.20 யூரோவுக்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நடக்க முடிந்தவர்கள் இதை ஒதுக்கிவிடலாம்.

கப்பலில் வந்த முதல் பயணத்தில், ஆகஸ்ட் மாதத்தில், கப்பலில் ஏற்பாடு செய்த குழுவில் சேர்ந்திருந்தேன். அதில் ஒரு பெரிய நன்மையும் ஒரு பெரிய தீமையும் உண்டு. நன்மை, வழிகாட்டி. கிரேக்கத்தில் தொல்லியல் தலங்களில் விளக்கம் சொல்லி அழைத்துப்போக அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கே அனுமதி என்பதால், அவர்களில் பெரும்பாலோர் முறையாகப் படித்தவர்கள். எங்களோடு வந்த அம்மையார் பார்த்தினனின் கிழக்கு முகப்பில் நிறுத்தி, மேற்கே உள்ள வாயில் வழியாக வருகிற எல்லோரும் முதலில் காண்பது கோயிலின் பின்புறத்தைத்தான், முன்புறம் இதுவே என்று சொன்ன பிறகுதான் அந்தக் கட்டடம் எனக்குப் பிடிபடத் தொடங்கியது. மேலே உள்ள தகவற்பலகைகள் குறைவு. விளக்கம் இல்லாமல் பார்த்தால் உடைந்த தூண்களும் பாரந்தூக்கியும்தான் மிஞ்சும். தீமை, குழுவின் கால அட்டவணை. ஐம்பது பேரையும் துறைமுகத்திலிருந்து திரட்டிக் குன்றின் வாசலுக்குக் கொண்டுவந்தபோது பத்தரை மணி. அதே நேரத்துக்குத் துறைமுகத்தில் நின்ற மற்றக் கப்பல்களின் குழுக்களும் வந்து சேர்ந்திருந்தன. மேலே எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். அதற்குச் சற்றும் குறையாத நேரம், திரும்பும் வழியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் கழிந்தது. அருங்காட்சியகத்தைப் பேருந்தின் சன்னல் வழியாகக் கண்டேன்.

எனவே வழிகாட்டி வேண்டும், குழுப் பேருந்து வேண்டாம் என்பது என் தரப்பு. அதற்கு வழி இருக்கிறது. அக்ரோபோலிஸுக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு அழைத்துப்போகும் சிறு நடைக் குழுக்கள் உண்டு. நான்கைந்து பேர் சேர்ந்தால் தனி வழிகாட்டியே கட்டுப்படியாகும். நாளின் மீதியை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

இனி நடைக்கு வருகிறேன். இந்த வழியின் வெற்றி தோல்வி முழுவதும் காலை எட்டு மணியில் இருக்கிறது. அக்ரோபோலிஸ் எட்டு மணிக்குத் திறக்கும். 2023 செப்டம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற உச்சவரம்பும், மணிவாரியான நுழைவு முறையும் நடைமுறையில் இருப்பதால், குறிப்பிட்ட நேரத்துக்கான சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கோடைக்காலத்தில் முதல் மணிக்குரிய சீட்டுகள் விரைவில் தீர்ந்துபோகும். 2025 ஏப்ரல் முதல் அதன் கட்டணம் 30 யூரோ. அதற்குமுன் அதே 30 யூரோவுக்கு ஏழு தலங்களையும் பார்க்க உதவிய கூட்டுச்சீட்டை எடுத்துவிட்டார்கள். இந்த மாற்றம் ஒப்பீட்டையே கொஞ்சம் மாற்றுகிறது. முன்பெல்லாம் கூட்டுச்சீட்டு கையில் இருக்கிறதே என்று ரோமானிய அகோரா, அட்ரியன் நூலகம், கெராமைக்கோஸ் இடுகாடு என்று வரிசையாக நுழைந்து வெளியே வருவோம். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனியே பணம் கட்ட வேண்டியிருப்பதால், குறைவாகத் தேர்ந்து நிதானமாகப் பார்ப்பதே பணத்துக்கும் உகந்தது.

வாசல்கள் இரண்டு. எல்லாக் குழுக்களும் திரளும் மேற்கு வாசலை விட்டுவிட்டு, அக்ரோபொலி மெட்ரோ நிலையத்தின் அருகில் இருக்கும் தென்கிழக்கு வாசலில் நுழைவதையே நான் சொல்வேன். அங்கே வரிசை சிறியது. ஏற்றமும் ஒரே மூச்சாக இல்லாமல் சரிவில் வளைந்து போகிறது. போகிற வழியிலேயே, சோபொக்ளிசும் யூரிபிடீசும் அரிஸ்டோபனீசும் தங்கள் நாடகங்களை அரங்கேற்றிய டயோனிசஸ் அரங்கின் கல்லிருக்கைகளைக் கடக்கிறோம். குதி உயர்ந்த காலணிக்கு அனுமதி இல்லை. வழவழப்பான அடிப்பகுதி உள்ள செருப்பும் வேண்டாம். கையில் ஒரு குடுவை இருந்தால் மேலே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்.

மேலே போனதும் பார்த்தினனை முழுதாகப் படமெடுக்கும் அவசரம் எல்லோருக்கும் வரும். அது முடிந்தபின் ஒரு காரியம் செய்து பாருங்கள். வடக்குப் பக்கத்தின் ஒரு மூலைக்குப் போய், கோயிலின் படிவரிசை உங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி குனிந்து, அதன் நீளவாக்கில் பாருங்கள். நேர்க்கோடு என்று நினைத்த படி, நடுவில் மெல்ல மேடேறி, மறுமூலையில் இறங்குவது தெரியும். ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பக்கத்தில் அந்த மேடு 11 சென்டிமீட்டர். 31 மீட்டர் அகலமுள்ள முகப்பில் 6 சென்டிமீட்டர். தூண்களும் நேராக நிற்கவில்லை. எல்லாம் சற்றே உள்நோக்கிச் சாய்ந்தவை, நடுவில் இலேசாகப் பருத்தவை. கிமு 447இல் தொடங்கி 432க்குள் சிற்பங்கள் உட்பட முடித்த இந்தக் கட்டடத்தில், கட்டடக் கலைஞர்களான இக்தினோஸும் கல்லிக்ராதீசும் கணக்கிட்டு வெட்டுவித்த கற்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு மட்டுமே பொருந்தும். 1975இலிருந்து நடந்துவரும் சீரமைப்புப் பணி இத்தனை ஆண்டுகள் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். முந்தைய சீரமைப்பில் செருகிய இரும்புப் பட்டைகள் துருப்பிடித்துக் கல்லைப் பிளந்ததால், அவற்றை எடுத்துவிட்டு டைட்டேனியம் வைக்கிறார்கள். தேன்நிறமேறிய பழைய கல்லின் விளிம்பில் பால்வெள்ளையாய் ஒட்டியிருப்பது, அதே பென்டெலிக்கோன் மலையிலிருந்து வெட்டிவந்த புதுக்கல். கூட்டம் திரண்டபின் குனிந்து பார்க்க இடம் கிடைக்காது. எட்டு மணிக்குக் கிடைக்கும்.

இந்தக் கோயில் இடிந்தது காலத்தால் அன்று என்பதையும் அந்த இடத்தில் நின்றுகொண்டே நினைத்துக்கொள்வது நல்லது. தேவாலயமாகவும் பிறகு மசூதியாகவும் மாறி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கூரையோடு நின்ற கட்டடத்தை, உள்ளே ஒட்டோமான் படையினர் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தபோது, 1687 செப்டம்பர் 26 அன்று வெனிசியப் படையின் குண்டு ஒன்று தாக்கியது. நடுப்பகுதிச் சுவர்களும் தூண்களும் சிதறியது அந்த வெடிப்பில்தான்.

பத்தேகால் மணிக்குள் அதே தென்கிழக்கு வழியாக இறங்கிவிட்டால், வெயில் ஏறும்போது அருங்காட்சியகத்தின் குளிரூட்டிய கூடத்துக்குள் இருப்போம். குன்றும் அருங்காட்சியகமும் ஒரே பொருளின் இரண்டு பாதிகள் என்று நான் கருதுவதால், மேலே ஏறிவிட்டு இதை விடுவது பாதியில் எழுந்து வருவதற்குச் சமம். சுவிட்சர்லாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் பெர்னார்ட் சூமி வடிவமைத்து 2009 ஜூனில் திறந்த இந்தக் கட்டடத்தின் மூன்றாம் தளம், கீழ்த்தளங்களிலிருந்து ஒரு கோணம் திரும்பி, பார்த்தினனுக்கு இணையாக நிற்கிறது. கோயிலைச் சுற்றி 160 மீட்டர் நீளத்துக்கு ஓடிய சிற்பப் பட்டையை அதே நீள அகலத்தில், அதே வரிசையில் இங்கே பதித்திருக்கிறார்கள். அவற்றில் ஏதென்ஸில் எஞ்சியிருப்பது சுமார் 50 மீட்டர். அதைவிட நீளமான பகுதியைப் பிரிட்டிஷ் தூதரான எல்ஜின் பிரபு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர்த்தெடுத்துச் சென்றதால் அது இலண்டனில் இருக்கிறது. இல்லாத துண்டுகளுக்கு வெள்ளைச் சுண்ண நகல்களைப் பதித்திருப்பதால், எது இங்கே, எது அங்கே என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது முதல் தளத்தில் இருக்கும் ஐந்து பெண்கள். குன்றின் மேல் எரெக்தியோன் கோயிலின் தாழ்வாரத்தைத் தலையில் தாங்கும் ஆறு பெண்களும் நகல்கள். மூலச் சிலைகளில் ஐந்து இங்கே, ஆறாவது இலண்டனில். ஆறாவது நின்றிருக்க வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். குன்றின் மேல் முன்பக்கம் மட்டுமே தெரியும். இங்கே பின்னால் போய் நிற்கலாம். முகங்கள் எல்லாம் மழையிலும் புகையிலும் மழுங்கிப்போயிருக்க, முதுகுப்பக்கத்துப் பின்னல்கள் மட்டும் நேற்றுப் பின்னியதுபோலத் தடித்துத் தொங்குகின்றன. ஒருத்தியின் பின்னலைப் போல இன்னொருத்தியின் பின்னல் இல்லை. என் தாயார் அங்கே வெகுநேரம் நின்றார்.

தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பற்றியும் கேட்பார்கள். 'அகமெம்னோனின் முகமூடி' என்று பெயர்பெற்ற மைசீனியப் பொற்கவசமும், கடலடியிலிருந்து எடுத்த ஆன்டிகைதிரா பற்சக்கரப் பொறியும் அங்கேதான் இருக்கின்றன. ஐயமில்லாமல் அது பெரிய அருங்காட்சியகம். கிரேக்கம் முழுவதற்கும் உரியது. ஆனால் குன்றிலிருந்து விலகி நகரின் வடக்கே இருப்பதாலும், அரைகுறையாகப் பார்க்க முடியாத அளவு பெரிது என்பதாலும், ஒரே பகல் உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் கிடைத்தால் முதல் இடம் அதற்கே.

நண்பகலுக்கு மேல், குன்றின் அடிவாரத்துப் பழைய குடியிருப்பான பிளாக்காவின் சந்துகளில் சாப்பாடு. அங்கே சைவ உணவு கிடைக்குமா என்ற கவலை நம்மவர்களுக்கு இருக்கும். 'நிஸ்டிசிமோ' என்று கேளுங்கள். கிரேக்கத் திருச்சபையின் நோன்பு உணவுக்கான சொல் அது, இறைச்சியும் பாலும் முட்டையும் தவிர்த்தது என்று பரிமாறுகிறவருக்குப் புரிந்துவிடும். ஆனால் இறால், கணவாய் போன்றவை நோன்பு உணவில் சேரும் என்பதால், அவையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிற்பகலுக்கு அகோராவை வைக்கிறேன். அக்ரோபோலிஸ் தெய்வங்களின் இடம் என்றால், அகோரா ஊரார் வாழ்ந்த இடம். வாங்கவும் விற்கவும் வழக்காடவும் வம்பளக்கவும் ஏதென்ஸ்காரர்கள் கூடிய சந்தைவெளி அது. சாக்ரட்டீஸ் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் மடக்கிக் கேள்வி கேட்டதும் இங்கேதான். மரங்கள் இருப்பதால் நிழல் உண்டு. அக்ரோபோலிஸில் இருப்பதைவிடக் கூட்டம் மிகக் குறைவு. பார்த்தினனில் காணக் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: முழுமை. மேற்கு மேட்டில் நிற்கும் ஹெபஸ்டஸ் கோயில், பின்னாளில் தேவாலயமாகப் பயன்பட்டதால், தூண்களும் மேல்விட்டங்களும் கூரைப்பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ முழுதாகத் தப்பித்திருக்கிறது. ஒரு கிரேக்கக் கோயில் எப்படி இருக்கும் என்று குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமானால் இங்கேதான் காட்ட வேண்டும்.

எதிர்ப்பக்கத்து அத்தாலோஸ் மண்டபம் 1950களில் அமெரிக்கத் தொல்லியலாளர்கள் பழைய அடித்தளத்தின் மேல் புதிதாக எழுப்பியது. புதியது என்பதால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வெயில் சாயும் வேளையில் அந்த நீண்ட தூண்வரிசையின் நிழல் தரையில் விழும்போது உள்ளே உலாவிப் பார்த்தால், பழைய ஊரார் இதை எதற்குக் கட்டினார்கள் என்பது காலுக்கே புரியும். அதற்குள் இருக்கும் சிறு அருங்காட்சியகத்தில் இரண்டு பொருள்களைத் தவற விடக் கூடாது. ஒன்று, நீதிமன்றத்து நீர்க்கடிகை: அடியில் துளையுள்ள மண்பானை, ஆறு நிமிடத்தில் காலியாகும், அதோடு பேச்சையும் நிறுத்திவிட வேண்டும். மற்றொன்று, நாடுகடத்த வேண்டியவரின் பெயரைக் கீறிய பானையோட்டுச் சில்லுகள். குறைந்தது 6,000 சில்லுகள் சேர்ந்தால், அதிகம் பெயர் விழுந்தவர் பத்தாண்டுகள் ஊரைவிட்டுப் போக வேண்டும். ஓட்டுச் சில்லிலேயே ஓட்டுப் போட்ட ஊர்தான். ஆனால் கள்ள ஓட்டுக்கும் அங்கே பஞ்சமில்லை போலும். அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் ஏதென்ஸின் தலைவர்களில் ஒருவரான தெமிஸ்டோக்ளிசின் பெயர் கீறிய 190 சில்லுகள் கிடைத்தன; அத்தனையையும் எழுதியவை பதினான்கு கைகள்தான் என்று எழுத்தை ஒப்பிட்டுக் கண்டிருக்கிறார்கள்.

சூனியன் முனைக்குப் போகும் வழியைத் தேர்கிறவர்கள் இழப்பது இந்த அகோராவைத்தான். நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். கடலோரச் சாலையில் பொதுப்பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், திரும்ப அதே அளவு. முனையின் செங்குத்துப் பாறையில், பார்த்தினன் காலத்திலேயே எழுந்த, கடல் தெய்வமான பொசைடனின் கோயில் தூண்கள் நிற்கின்றன. வழக்கமான இருபது வரிப்பள்ளங்களுக்குப் பதிலாகப் பதினாறு மட்டுமே வெட்டியிருப்பதாலும், உள்ளூர்ப் பளிங்கின் நிறத்தாலும், அவை நகரத்துத் தூண்களைவிட மெலிவாகவும் வெளுப்பாகவும் தெரியும். மகன் தீசியஸ் இறந்துவிட்டான் என்று கறுப்புப் பாயைக் கண்டு நம்பி, ஏஜியஸ் மன்னன் கடலில் குதித்தது இங்கேதான் என்றும், ஏஜியன் கடலுக்குப் பெயர் வந்தது அதனால்தான் என்றும் ஒரு கதை சொல்வார்கள். சூரியன் கடலில் இறங்கும்வரை தலத்தைத் திறந்தே வைத்திருப்பார்கள். அந்தக் காட்சி ஒப்பற்றது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்க்கும் கணக்கு, ஒரே பகல் மட்டும் கையில் உள்ளவருக்குக் கட்டுப்படியாகாது. கப்பல் பயணிகளுக்கோ, மறையும் சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் துறைமுகத்தில் கப்பல் இருக்காது. ஏதென்ஸுக்கு முன்பே வந்து அக்ரோபோலிஸைப் பார்த்தவர்களுக்கும், கார் வாடகைக்கு எடுத்து வழியில் கடலில் குளிக்க நினைப்பவர்களுக்கும் மட்டும் இது முதல் தேர்வாகலாம்.

நகரத்தின் மற்ற அடையாளங்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். சிண்டக்மாவில் நாடாளுமன்றத்தின் முன்னுள்ள நினைவிடத்தில் ஒவ்வொரு மணிக்கும் எவ்சோன் காவலர்கள் மாறுவார்கள். குஞ்சம் வைத்த கனத்த காலணியைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தும் அந்த மெதுநடையைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஞாயிறு காலை பதினொன்றுக்கு மட்டும் இசைக்குழுவோடு பெரிய அணிவகுப்பு. ஒலிம்பிய சூஸ் கோயிலின் 104 தூண்களில் இன்று நிற்பவை 15தான். 1852 புயலில் விழுந்த ஒரு தூண், அடுக்கிவைத்த நாணயங்கள் சரிந்ததுபோலத் தரையில் கிடக்கிறது. இவற்றை வேலிக்கு வெளியே இருந்தே பார்க்க முடியும் என்பதால் தனிச்சீட்டு எடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பளிங்கு விளையாட்டரங்கமும் அப்படியே, தெருவிலிருந்தே முழுதாகத் தெரியும்.

அக்ரோபோலிஸுக்குக் காலையில் போகாமல் மாலையில் போகலாமே என்று சொல்கிறவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. கோடையில் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும்; ஐந்து மணிக்கு மேல் கப்பல் குழுக்கள் போய்விடும்; மேற்கு முகப்பில் மஞ்சள் வெயில் விழும். நண்பகலில் விமானம் இறங்குகிறவர்களுக்கு அதுவே வழி. இருந்தாலும், தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் காலையையே எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்மை ஆண்டுகளின் அனல்காற்று நாட்களில் பகல் பன்னிரண்டு முதல் ஐந்து வரை குன்றை மூடியிருக்கிறார்கள். காலையில் போகிறவரை அது தொடாது. மாலைக்காக வைத்திருந்தவர், திறக்கும்வரை வாசலில் காத்திருந்து, திரண்ட மொத்தக் கூட்டத்தோடும் சேர்ந்து ஏற வேண்டியிருக்கும்.

முதியவர்களோடு போகிறவர்களுக்கு, நான் பேருந்தில் வீணாக்கிய நாளுக்குப் பதிலாகச் செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். 2020 இறுதியில் அமைத்த மின்தூக்கி ஒன்று குன்றுக்கு உண்டு. ஆனால் அது சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களுக்கும் உரியது, களைத்தவர்கள் எல்லாம் ஏறிக்கொள்ள முடியாது. அந்த வகையில் சேராத, ஆனால் படியேறச் சிரமப்படும் பெற்றோர் என்றால் குடும்பம் இரண்டாகப் பிரிவது நல்லது. ஏற முடிந்தவர்கள் எட்டு மணிக்கு ஏறட்டும்; மற்றவர்கள் விடுதியில் நிதானமாகச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குமேல் டாக்சியில் அருங்காட்சியகத்துக்கு வரட்டும். அங்கே மின்தூக்கி உண்டு, உட்கார இருக்கை உண்டு, மூன்றாம் தளத்தின் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தினன் எதிரிலேயே தெரியும். பத்தரை மணிக்கு இரு தரப்பும் அந்த ஐந்து பெண்களின் முன்னால் சந்தித்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் இந்த வரிசையைச் சற்று மாற்ற வேண்டும். தொல்லியல் தலங்கள் மாலை ஐந்து மணியளவிலேயே மூடிவிடும் என்பதால், குன்றிலிருந்து நேரே அகோராவுக்கு இறங்கிவிட்டு, அருங்காட்சியகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகமும் பெரும்பாலான நாட்களில் ஐந்து மணிவரைதான். வெள்ளிக்கிழமை மட்டும் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் என்பதால், எந்த நாள் என்று தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் வெள்ளியைத் தேர்வது நல்லது. அன்று மேல்தளக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தினன் விளக்கொளியில் நிற்கும்.

கோடையில் அகோராவிலிருந்து வெளியே வரும்போது இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தால், அக்ரோபோலிஸின் மேற்கு வாசலுக்குக் கீழே உள்ள அரியோபகஸ் பாறைக்குப் போகலாம், கட்டணம் இல்லை. தமிழ் வேதாகமத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தவர்களுக்கு அது 'மார்ஸ் மேடை'; பவுல் அத்தேனேயின் மக்களிடம் பேசிய இடம். பாறையில் வெட்டிய பழைய படிகள் கண்ணாடிபோல் வழுக்குவதால், பக்கத்திலுள்ள இரும்புப் படியையே பயன்படுத்துங்கள். கப்பலுக்குத் திரும்ப வேண்டியவர்கள் அங்கே அதிகம் தாமதிக்காமல், நடைபாதை வழியாகவே கீழே இறங்கித் தீசியோ நிலையத்துக்குப் போனால், பச்சை வழித்தட ரயில் நேராகப் பிரேயஸில் கொண்டுவிடும். நிலையத்திலிருந்து கப்பல் நிற்கும் துறைமேடைவரை இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.